ஒன்றும் இல்லை என்று நான் எழுதிக்கொடுத்த வாரங்கள்

என் தங்க மைனிக்கு,

உன் நாத்தனார் எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. அடுத்த வீட்டில், அடுக்களை ஜன்னலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தவளுக்கு எதற்குக் கடிதம்? இப்போது எழுத வைத்தது பாசம் மட்டுமில்லை, கோபம். அதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் ஒரு மாதமாகப் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். சத்தம் பொறுக்காமல் அண்ணன்தான், "இதெல்லாம் அவகிட்டயே சொல்லு, என்னய விட்டுரு" என்றார். மனைவியை இழந்த மனுசன் சொல்கிறார், கேட்டுக்கொள்.

முதலில் நல்ல செய்தி. நம் ஊர் நூலகத்தை நவீனமாக்கிவிட்டார்கள். ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று நீ வருடம் தவறாமல் எழுதிப்போட்ட கூரையை மாற்றியாயிற்று. சுவருக்கு நீலச் சாயம். நீ அரசிதழ்களை அடுக்கி வைத்திருந்த இரும்பு அலமாரியின் இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தொடுதிரை நிற்கிறது. அரசிதழ், அரசாணை, திட்ட அறிக்கை, அரசாங்கம் வெளியிடும் எல்லாமே இனி இதற்குள் என்று திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரி சொன்னார். விரலை வைத்தால் போதும், கடற்கரை மக்களின் கைக்கே அரசாங்கம் வந்துவிடும் என்றார். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். லட்டும் வாங்கித் தின்றேன்.

அலமாரி எங்கே என்று கேட்பாய். விழாவுக்கு முந்தின வாரம் ஒரு வண்டி வந்தது. பழைய தாள் இடத்தை அடைக்கிறது, எல்லாம் கணினியில் இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று மேலிடத்து உத்தரவாம். நீ வருட வாரியாகத் தைத்து, முதுகில் உன் குண்டு எழுத்தில் வருடம் எழுதி வைத்த கட்டுகள். உன் இடத்துக்கு வந்திருக்கும் நூலகப் பெண் சுஜா, தூக்க ஆளில்லாமல் வாசலில் முழித்துக்கொண்டு நின்றாள். பாவமே என்று நாங்கள் நாலைந்து பெண்கள் மீன் சுமக்கும் கடவப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனோம். உன் கட்டுகளை என் தலையில் சுமந்து நானே வண்டியில் ஏற்றினேன், மைனி. ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்தேன்.

இதை வேறு யாராவது படித்தாலும் புரிய வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ கோட்டாற்றிலிருந்து இந்தக் கரைக்கு வாழ வந்தவள். சாளைக்கும் நெத்திலிக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்து இறங்கினாய், நான் சிரித்த சிரிப்பை நீ சாகும்வரை மன்னிக்கவில்லை. ஆனால் நூலகத்தில் உட்கார்ந்த பிறகு, இந்தக் கரையில் பிறந்த எங்களுக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்தது. அரசாங்கம் எதையாவது எடுக்கப்போகிறது என்றால் முன்கூட்டி ஓர் அறிவிப்பை அரசிதழில் போடும், ஆட்சேபணை உள்ளவர்கள் இத்தனை நாளுக்குள் சொல்லலாம் என்று. அந்த நாள் முடிந்த பிறகு கத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். நீ நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிப்போய் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கி வருவாய். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து படிப்பாய். நம் ஊரைப் பற்றி இருந்தால் அரைத்தாளில் தமிழில் எழுதிக் கோயிலுக்குக் கொண்டுபோவாய்.

கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது கிறிஸ்தவர்களான எங்கள் வழக்கம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் சொல்ல வேண்டும் என்று பூசை முடிவில் வாசிப்பார்கள். உன் அரைத்தாளையும் அதோடு சேர்த்து வாசிக்கக் கேட்டாய். சர்க்கார் சமாச்சாரம் கோயிலுக்குள் எதற்கு என்று சாமி இழுத்தார். நீ விடவில்லை.

"கல்யாணத்துக்குத் தடை உண்டான்னு மூணு ஞாயிறு கேக்கிய. கரைக்குத் தடை உண்டான்னு ஒரு ஞாயிறு கேட்டா என்ன சாமி?"

சாமி தாளை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஓலையோடு உன் தாளும் வாசிக்கப்பட்டது. வள்ளம் ஏற்றும் கரையில் பாதியை வேலி போட்டு மறைக்க ஒரு திட்டம் வந்தபோது, ஞாயிறு காலை வாசித்து, திங்கள் மாலைக்குள் ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தது. வேலி வரவில்லை. அந்த மனுவின் முதல் கையெழுத்து யாருடையது என்று நாம் இருவரும் சண்டை போட்டோம், நினைவிருக்கிறதா?

நீ போன பிறகு, இனி யார் பார்ப்பது என்று சாமி கேட்டார். எனக்கென்ன, விரல் இல்லையா, நான் பார்க்கிறேன் என்றேன்.

அந்தத் திரையோடு நான் பட்ட பாட்டை நீ இருந்திருந்தால் பார்த்துச் சிரித்திருப்பாய். தொட்டதும் கைப்பேசி எண் கேட்கும். கொடுத்தால் ஓடிபி அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லும். நூலகத்துக்குள் சிக்னல் கிடையாது. வெளியே புன்னை மரத்தடிக்குப் போனால்தான் வரும். எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே ஓடிவந்தால், நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் முயலவும் என்று நிற்கும். முட்டுவலிக்காரி எத்தனை தடவை முயல்வது? கடைசியில் நான் மரத்தடியில் நின்று எண்ணைக் கூவினேன், சுஜா உள்ளே நின்று அழுத்தினாள். அவளுக்கு மூன்று ஊர் நூலகம் பொறுப்பு, நமக்கு வாரத்தில் இரண்டு நாள்தான். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

உள்ளே போனதும் தேடும் பெட்டியில் நம் ஊர்ப் பெயரை அடிப்பேன். 'பதிவுகள் ஏதும் இல்லை' என்று வரும். நான் அரைத்தாளில், இந்த வாரம் நம் ஊரைப் பற்றி அரசு அறிவிப்பு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுப்பேன். சாமி வாசிப்பார். ஜனங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். வாராவாரம் இதே கதை. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எழுதி எழுதி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

போன மாதம், சிலுவை நிற்கும் குருசடிக்குப் பின்னால் இருக்கும் மணலில் எல்லைக் கல் நட்டார்கள்.

அந்த மணலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் கருவாடு காயப்போடுவது அங்கேதான். ஆண் துணை இல்லாத வீடுகள் அந்த மணலை நம்பித்தான் அடுப்பு மூட்டுகின்றன. கல்லுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்த அளவையாளரிடம், இது என்ன என்று கேட்டேன். கடற்கரையை அழகுபடுத்துகிறார்களாம். நடைபாதை, சுற்றுலா வண்டிகள் நிறுத்த இடம். அறிவிப்பு எப்போதோ போட்டாயிற்று, ஆட்சேபணை சொல்லும் நாளும் முடிந்துவிட்டது என்றார். அவர் நல்ல மனுசன். எந்த அறிவிப்பு என்று எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

எண்ணோடு ஓடினேன். திரை அதைத் திறந்துகாட்டியது, மைனி. அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான் வாராவாரம் அதன் முன்னால் நின்று இல்லை என்று எழுதியிருக்கிறேன். முழுக்க ஆங்கிலம். தாளைக் கோணலாக வைத்துப் படம் எடுத்து ஏற்றியிருக்கிறார்கள், படத்துக்குள் எந்தச் சொல்லைத் தேடினாலும் அகப்படாது. எல்லாவற்றுக்கும் மேல், அதில் நம் ஊர்ப் பெயரே இல்லை. அரசாங்கப் பதிவேட்டில் நம் மீன்பிடித் துறை தனி ஊர் இல்லையாம், உள்ளே தோப்புப் பக்கம் இருக்கும் வேறொரு வருவாய்க் கிராமத்தின் ஒரு மூலையாம். அந்தக் கிராமத்தின் பெயரும் நிலத்துக்குக் கொடுத்த புல எண்களும் மட்டும் வரிசையாக இருந்தன.

உனக்கு அது தெரியும். உன் கட்டுகளின் ஓரத்தில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேராகப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாய்: இது குருசடி மணல், இது வள்ளம் ஏற்றும் கரை, இது கல்லறைத் தோட்டம். சுஜாவின் முதல் வாரத்தில் நீ இருந்திருந்தால் அவளுக்கு அதைக் காட்டியிருப்பாய். கணினிக்குள் ஏற்றியவர்கள் எங்கோ இருந்த சுத்தமான பிரதியை ஏற்றினார்கள். உன் பென்சில் எழுத்து இருந்த பிரதியை நான் வண்டியில் ஏற்றினேன். என் கோபத்தில் பாதி என்மேல்தான்.

மீதிப் பாதி யார்மேல் என்று சொல்கிறேன். நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "பொதுவெளியில வெளியிட்டாச்சும்மா. பாக்காதது உங்க தப்பு" என்றார்.

எந்தப் பொதுவெளி? புன்னை மரத்தடியில் நின்று எண்ணைக் கூவினால்தான் திறக்கிற பொதுவெளியா? நான் அவரிடம் கேட்டேன்: "ஒரு கல்யாணத்துக்கே வீட்டுப்பேரு, தகப்பன்பேரு சொல்லித் தடை உண்டான்னு கேக்கோம் சார். எங்க மணலுக்கு வெறும் நம்பரச் சொல்லிக் கேட்டா, யாருக்கு விளங்கும்?" அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் எழுதிக் கொண்டுபோன, நாள் கடந்த ஆட்சேபணை மனுவை வாங்கி முத்திரை மட்டும் குத்திக் கொடுத்தார்கள். இன்றுவரை பதில் இல்லை.

நான் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். குளச்சலில் இன்றைக்கு என்ன மீன் ஏலத்துக்கு வந்திருக்கிறது என்று வாட்சப்பில் பார்த்துவிட்டுத்தான் வீட்டைவிட்டே இறங்குகிறேன். மகள் துபாயிலிருந்து கூப்பிட்டால் அவள் வைத்த குழம்பை இங்கிருந்தே நொட்டை சொல்கிறேன். திரை வரட்டும், ஆயிரம் திரை வரட்டும். நம் ஊரை நாம் சொல்லும் பெயரில் தேடினால் கிடைக்கவேண்டும். தமிழில் இருக்கவேண்டும். நம் கரையைப் பற்றி ஒன்று வந்தால் அது நம் கைப்பேசிக்கு வந்து சொல்லட்டும், ஓடிபி அனுப்பத் தெரிந்த அரசாங்கத்துக்கு அது தெரியாதா? மேசையில் ஓர் அச்சுப்பிரதி, வாரம் முழுக்க ஒரு நூலகர். நீ ஒருத்தி பஸ் ஏறிப்போய் செய்ததை இத்தனை பேர், இத்தனை யந்திரம் சேர்ந்து செய்ய முடியாதா? திறந்துவைத்தவர்களில் ஒருவராவது அந்தத் திரையில் ஒரே ஒரு அறிவிப்பைத் தேடிப் பார்த்திருப்பார்களா? நாடா வெட்டிய கத்தரிக்கோலை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

தாசம்மாளை உனக்கு நினைவிருக்கும். கடலில் புருசனைக் கொடுத்துவிட்டு அந்த மணலில் கருவாடு போட்டே இரண்டு பெண்களைக் கரையேற்றியவள். கல் நட்ட மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"ஏட்டி செலினு, நீ எழுதுனா அவ எழுதுன மாதிரிதானேன்னு நம்பிட்டம்ட்டி" என்றாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

அவ என்றால் நீ. அந்த ஒரு வார்த்தை என்னைப் படுத்துகிற பாட்டை நான் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. உன் இடத்தில் நின்று, உன் பேரில் ஜனங்கள் வைத்திருந்த நம்பிக்கையை எடுத்து, திரை சொன்ன பொய்க்குக் கொடுத்துவிட்டேன். தெரியவில்லை என்று சொல்லவேண்டியதைத்தான் அது இல்லை என்று சொன்னது. அது யந்திரம், அதற்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இன்று சனிக்கிழமை. சற்று முன்புதான் சாமியிடம் அரைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இத்தனை வாரம் அறிவிப்பு ஒன்றும் இல்லை என்று சொன்னது தவறு. சொன்னவள் செலின். குருசடி மணலை எடுக்கும் அறிவிப்பு வந்திருந்தது, நான் பார்க்கவில்லை. இந்த வாரம் நம்மைப் பற்றி என்ன வெளியிட்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் திங்கட்கிழமை காலை நூலகத்துக்கு வரவும்." சாமி படித்துவிட்டு, என் பெயர் அதில் இருக்க வேண்டுமா, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். தாசம்மாள் வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். சுஜாவும் அவள் முறை இல்லாத நாளிலும் வந்து கதவைத் திறப்பதாகச் சொன்னாள்.

மணல் திரும்பக் கிடைக்குமா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. ஆனால் திங்கட்கிழமை எங்களில் ஒவ்வொருத்தியும் அந்தத் திரையில் ஊர்ப் பெயரை அடிக்கப்போகிறோம். அது ஒவ்வொருத்தியிடமும் இல்லை என்று சொல்லும். சொல்லட்டும். எங்கள் ஊர்ப் பெயர் போட்ட தாளைத் தமிழில் எங்கள் கையில் தரும்வரை, ஒருத்தியும் எழுந்து வீட்டுக்குப் போகமாட்டோம். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இனி எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன், என் பெயரைப் போட்டு எழுதுவேன்.

உன்னோடு சண்டை போட ஆசையாக இருக்கும்,
உன் நாத்தனார்
செலின்