முப்பத்தோராம் அறை, இரண்டு பேருக்கு

ஊல்சன்,
அக்டோபர் 4

அன்புள்ள வீப்கேவுக்கு,

உன் அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது.

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைக் கிழித்துப் போடாமல் இவ்வளவு தூரம் படித்திருந்தால், அதற்கே நன்றி. நாலு வருஷம் ஆயிற்று. உன் விலாசத்தைக் கொடுத்தது ஹெட்டா சித்திதான். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்து, அவள் காப்பியைக் குடித்துத் தீர்த்து, வாங்கிவிட்டேன். கொடுக்கும்போது, "மாமா, இந்த விலாசத்துக்கு எழுதுங்க, ஆனா நேர்ல போய் அவ கதவைத் தட்டினீங்கன்னா அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள். தட்டமாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். லைப்சிக் நகரத்தில் 'நான்கு சுவர்' என்று ஒரு ஹோட்டல் இருக்கிறதாமே. மலிவான ஹோட்டல், ஒவ்வொரு அறையின் சுவரிலும் ஒவ்வொரு ஓவியர் வரைந்த படம். அதன் விளம்பரத் தாள் ஒன்று சித்தி வீட்டு மேஜையில் கிடந்தது. தபால்தலை அளவுக்கு ஒவ்வொரு அறையின் படமும் போட்டிருந்தார்கள். முப்பத்தோராம் அறைக்குக் கீழே உன் பெயர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோதுமை வயல், நடுவே மண்பாதை, பாதையில் வரிசையாக ஆட்கள் வருகிறார்கள். அது அம்மா படுக்கையில் கிடந்த அறையின் சுவரில் நீ வரைந்த படம் அல்லவா? அப்படியே மறுபடியும் வரைந்திருக்கிறாய்.

அந்த அறையில் ஒரு நாள் தங்கலாமா என்று உன்னிடம் கேட்கத்தான் இந்தக் கடிதம். காசு கொடுக்கிற யார் வேண்டுமானாலும் அங்கே தங்கலாம், உன்னைக் கேட்கத் தேவையில்லை என்று எனக்கும் தெரியும். ஒரு முறை உன்னைக் கேட்காமல் செய்ததற்குத்தான் இந்த நாலு வருஷம். அதனால் கேட்கிறேன்.

பயணம் என்றாலே எனக்குப் பயம். முப்பத்தாறு வருஷம் சிக்னல் கேபினில் உட்கார்ந்து மற்றவர்களின் ரயிலை அனுப்பிவைத்தவன், தான் ஏறுவதென்றால் நடுங்குகிறான். சிரிக்காதே. இதெல்லாம் அம்மா பார்த்துக்கொண்ட வேலை. ஹோட்டலில் காலைச் சாப்பாடு அறை வாடகையோடு சேர்ந்ததா, தனியா? துண்டு கொடுப்பார்களா, கொண்டு போகவேண்டுமா? மக்டபுர்கில் ரயில் மாற எட்டே நிமிஷம்தான். அதற்குள் இந்த முழங்காலோடு நான் நடைமேடை மாறவேண்டும். யோசித்தால் தலை சுற்றுகிறது.

அந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டைக் காலி செய்கிறவர்கள் வெள்ளை அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான், ஒப்பந்தத்திலும் எழுதியிருந்தது. "ஞாயித்துக்கிழமை நான் வர்ற வரைக்கும் அந்த ரூம்ல கை வைக்காதீங்கப்பா" என்று நீ சொன்னதும் உண்மை. நான் வெள்ளிக்கிழமையே அடித்துவிட்டேன். சாவி கொடுக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு வழி இருக்கவில்லை, அதை நீ புரிந்துகொள்ளவேண்டும்.

பதில் ஒரு வரி போதும். தங்கலாம், கூடாது, இரண்டில் ஒன்று.

உன் அப்பா,
எக்கார்ட்


ஊல்சன்,
அக்டோபர் 13

அன்புள்ள வீப்கேவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு மாடியிலிருந்து இறங்கி, பெட்டியைப் பார்த்துவிட்டு, குப்பை கொட்ட வந்தவன் போல நின்று சமாளிக்கிறேன். இந்தக் கட்டடத்தில் என்னைவிட அதிகமாகக் குப்பை கொட்டுகிறவன் கிடையாது.

பொறுக்க முடியாமல் நேற்று அந்த ஹோட்டலுக்குப் போன் செய்தேன். யாஷ்கே என்று ஒரு அம்மாள் எடுத்தார். சிகரெட் பிடித்துக் கரகரத்த குரல். என் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், பதினொரு கேள்வி. ஏழாவது கேள்வியில் அவர், "ஐயா, நீங்க தங்க வர்றீங்களா, ஹோட்டலை விலைக்கு வாங்க வர்றீங்களா?" என்றார். பிறகு அவரே மூச்சு விடாமல் சொன்னார். "மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குளியலறை வெளிய நடையில இருக்கு. டிவி இல்ல. துண்டு உண்டு. படம் உண்டு. போதுமா?"

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்றேன். நல்ல மனுஷி, போனோடு மூன்று மாடி ஏறினார். வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டேதான் ஏறினார். கதவைத் திறந்து, ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். கூடையோடு ரொட்டிக்கடை அம்மா. சைக்கிள் தள்ளிக்கொண்டு ஒரு வாத்தியார். வெள்ளைக் கோட்டில் ஒரு பல் டாக்டர், "இந்தாளு மூஞ்சியைப் பார்த்தாலே பல்லு வலிக்குது" என்றார். எல்லாம் அதே வரிசை, வீப்கே. நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெயிண்ட் டப்பாக்களோடு வருவாய், அம்மா தலையணையில் சாய்ந்துகொண்டு, "இன்னிக்கு யாரைக் கூட்டிட்டு வரப் போறே?" என்று கேட்பாள். அந்த ஏழு மாதத்தில் அவள் சிரித்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

இவ்வளவு பேரும் யார் என்று அந்த அம்மாளிடம் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வரைஞ்ச பொண்ணோட அம்மா படுக்கையில கிடந்தாங்களாம். பார்க்க வருவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்து, வராமப் போனவங்கதான் இவங்க எல்லாரும். ஒரே ஒரு ஆளை மட்டும் அம்மா வரையவே விடலையாம். 'அவரை எதுக்குடி வரையணும், அவரு வீட்லதானே இருக்காரு, வந்துருவாரு'ன்னு சொல்லிட்டு, கதவையே பார்த்துக்கிட்டு இருப்பாங்களாம்."

"ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று அவர் கத்தினார். இருக்கிறேன் என்றேன். பிறகு, அறை வேண்டும் என்றேன். பெயர் கேட்டார், பிரிங்க்மன் என்றேன். உன் படத்தின் கீழே இருக்கும் அதே குடும்பப் பெயர். "ஐயா, நான் ஒண்ணும் சொல்லலை. எனக்கு எப்பவும் வாய் கொஞ்சம் நீளம்" என்று குழறினார். பாவம், அவர் மேல் என்ன தப்பு.

எந்தத் தேதி என்று கேட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அங்கே ஒரு படத்துக்கு ஆயுள் இரண்டே வருஷமாமே. நவம்பர் இரண்டாம் தேதி அந்தச் சுவருக்கு வெள்ளை. வரைந்தவரே வந்து தன் கையால் அடித்து, அடுத்தவரிடம் ரோலரைக் கொடுத்துவிட்டுப் போவது அந்த ஹோட்டலின் வழக்கமாம். "சில பேரு அழுவாங்க, சில பேரு பீர் வாங்கிட்டு வருவாங்க" என்றார். நீ எந்த ரகம் என்று எனக்குத் தெரியவில்லை. என் மகளைப் பற்றி அதுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் முப்பதாம் தேதிக்குப் பதிவு செய்துவிட்டேன். எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு பேர் என்று வாயில் வந்துவிட்டது. நாற்பது வருஷப் பழக்கமா, வேறு ஏதாவதா, தெரியாது. ஒருவர்தான் என்று திருத்தத் தோன்றவில்லை. "ரெட்டைக் கட்டில்தான். போர்வை ரெண்டு போட்டு வைக்கிறேன்" என்றார்.

போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். நாலு வருஷமாக எல்லாரிடமும் அதையேதான் சொல்லி வருகிறேன். வீட்டுக்காரர் என்னை வெள்ளை அடிக்கச் சொல்லவில்லை. "கட்டடம் முழுக்கப் பிரிச்சு வேலை செய்யப் போறோம், பிரிங்க்மன். நீங்க அப்படியே விட்டுட்டுப் போங்க" என்று சாவி கேட்க வந்த அன்றே சொல்லிவிட்டார். தேதியும் இல்லை, அவசரமும் இல்லை. நானாகத்தான் ரோலரை எடுத்தேன்.

ஏன் என்று இப்போதாவது சொல்கிறேன். அடக்கம் முடிந்த பிறகு தினமும் அந்தச் சுவர் முன்னால் நின்று என்னைத் தேடினேன். பல் டாக்டர்கூட இருந்தார். நான் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தள்ளிவைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரம், பொறாமை. என் மனைவி மனதில் எனக்கு இடமில்லை என்று சுவரில் எழுதி வைத்தது போல இருந்தது. அதனால் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாம் பூச்சும் கொடுத்திருந்தேன்; நீ வந்து, ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்து, அந்த வெள்ளைக் கையோடு படி இறங்கிப் போனாய். மறுநாள் உன் கை பதிந்த இடத்துக்கும் இன்னொரு பூச்சு கொடுத்தேன்.

இதை எழுதிவிட்டு உறைக்குள் போடத் தயக்கமாக இருக்கிறது. போட்டுவிடுகிறேன்.

உன் அப்பா


ஊல்சன்,
அக்டோபர் 24

அன்புள்ள வீப்கேவுக்கு,

இன்னும் ஆறே நாள். டிக்கெட் வாங்கிவிட்டேன். மக்டபுர்கில் எட்டு நிமிஷம் என்பதற்குப் பயந்து, இரண்டு ரயில் முன்னதாகவே கிளம்புகிறேன். அங்கே இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன், பரவாயில்லை.

ரத்து செய்துவிடலாமா என்று தினம் ஒரு முறை போனைக் கையில் எடுக்கிறேன். உன்னை மறுபடியும் புண்படுத்துகிறேனோ என்று பயம். படத்தைப் பார்க்கவும் பயம். ஹெட்டாவிடம் போய்ப் புலம்பினேன். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, "மாமா, நீங்க போனா அவ வருவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியாது. ஆனா போகாம இருந்தா அது உங்க பழைய வேலைதான்" என்றாள். கத்தியைக் கையில் வைத்திருக்கிறவளிடம் என்ன வாதாடுவது.

அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது, உண்மை அல்லவா. அம்மா அந்த அறையில் கிடந்த ஏழு மாதமும் நான் எங்கே இருந்தேன் என்று நீ ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. நிலவறையில் இருந்தேன். நம் சாமான் அறையில் உட்கார்ந்து, டப்பா டப்பாவாகத் திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரித்து முடித்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மறுபடி பிரித்ததும் உண்டு. வேளாவேளைக்கு சூப் கொண்டுபோய் வைப்பேன், ஆறிவிடும், குடி என்பேன், வந்துவிடுவேன். "உக்காரேன், எக்கார்ட்" என்பாள். வேலை இருக்கிறது என்பேன். அவள் மணிக்கட்டு குச்சி போல ஆகிவிட்டதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் உட்கார்ந்தால் அவள் சாகப் போவதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். நான் கோழை, வீப்கே. அவளை நேசித்த கோழை.

சுவரில் என்னை வரையாததற்காக உன் மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. நான் வந்துவிடுவேன் என்று அவள் நம்பியிருந்தாள், அவ்வளவுதான். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சுவருக்காக, உன் கை பதிந்த இடத்துக்காக, நாலு வருஷமாகச் சொன்ன பொய்க்காக. வெள்ளை அடிக்கிற நாளில் நான் அங்கே இருக்கமாட்டேன், அது உன் வேலை, உன் உரிமை. அதில் மூக்கை நுழைக்கமாட்டேன்.

முப்பதாம் தேதி மூன்று மணிக்கு அறைச் சாவி கொடுப்பார்களாம். மறுநாள் பதினொரு மணிக்குக் காலி செய்யவேண்டும். இடையில் சாப்பிடக்கூட கீழே இறங்கமாட்டேன், ரொட்டியும் வேகவைத்த முட்டையும் கட்டி எடுத்து வருகிறேன். முதலில் படத்தைப் பார்ப்பேன், ஒவ்வொருவராக. பிறகு நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். பூட்டமாட்டேன், தட்டவேண்டியதில்லை.

வா என்று கேட்கிறேன், வீப்கே. வராவிட்டால் அதற்காக உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. நீ எங்கே இருந்தாலும், யாரும் உன்னைக் காக்கவைக்காமல், நன்றாக இரு மகளே.

அம்மா ஏழு மாதம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இருபது மணி நேரம்தான்.

உன் அப்பா