நிமிர்ந்த விரல்கள்

லிஷா அப்பாவுக்கு,

தாளைப் புரட்ட நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, படிப்புப் பலகையில் செருகிவிட்டு வேலைக்குப் போகிறேன். உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் உங்கள் கைகளைச் சோதித்தபோது, காலி டப்பாவைப் பிடிக்க மணிக்கட்டை உயர்த்தினீர்கள். விரல்கள் மடங்கவில்லை. மூன்று முறையும் டப்பா உருண்டு போனது.

"மணிக்கட்டைத் தூக்கினா விரல் தன்னால மடங்கணும். அந்தப் பிடி கிட்டியிருந்தா சாரே கோப்பையை எடுத்துக் குடிக்கலாம். ஆரு விரலை இப்பிடி இழுத்து நிமிர்த்தினது?" என்றாள் தெரபிஸ்ட்.

நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள்தான், "அது தன்னால நிமிர்ந்ததாக்கும், மக்கா" என்றீர்கள்.

உதியன்குளங்கரையில் பைக் கவிழ்ந்து, கழுத்து ஒடிந்து, கால்களும் விரல்களும் செயலிழந்து நீங்கள் வீடு திரும்பிய அன்றே நர்ஸ் சொன்னாள், விரல்கள் வளைந்தே இருக்கட்டும், இழுக்கக் கூடாது என்று. நன்றாகக் கேட்டேன். ஆனால் போதகர் திருவிருந்து கொடுக்க வீட்டுக்கு வந்தபோது, அப்பத்தை வைக்க உங்கள் உள்ளங்கை விரியவில்லை. சபைக்காரர்கள் பார்த்திருக்க, வாயில் ஊட்டினார். எனக்குக் கூசிப்போயிற்று. மறுநாள் முதல் தினமும் எண்ணெய் தேய்த்து இழுத்தேன். உங்கள் நல்லதுக்கு என்றேன்.

இனி இழுக்க மாட்டேன். பிடி திரும்புமா என்று தெரபிஸ்டுக்கே உறுதியில்லை.

வரும் ஞாயிறு திருவிருந்து. உங்களுக்கு வாயிலேயே கொடுக்கும்படி போதகரிடம் சொல்லிவிட்டேன். எனக்கும் அப்படியே. இந்தக் கையை நீட்டி வாங்க மனம் வரவில்லை.

உங்கள் வீட்டுக்காரி