சீட்டின் நடுவில் ஒரு பள்ளம்

சுபாஜினியின் அப்பாவுக்கு,

மொனராகலையில் முடிந்த சைக்கிள் போட்டியில் மகள் இரண்டாவதாக வந்தாள்.

சைக்கிளை விற்றுவிடும்படி நீங்கள் கட்டாரிலிருந்து போனில் சொன்னபோது அவளும் சரி என்றாள். எனக்கு அது சந்தேகமாக இருந்தது. விடாமல் கேட்டதும் அழுதுவிட்டாள்.

"அந்த சீட்டுல உக்காரவே முடியலம்மா. மரத்துப்போவுது, புண்ணாவும் இருக்கு. இத நான் யாருகிட்ட சொல்றது?"

பதுளையில் ஆட்டோ சீட் தைக்கும் கடையில்தான் இப்போதும் வேலை செய்கிறேன். அவளுடைய சீட்டை அங்கே பிரித்து, முன்னால் நீளும் மூக்கைக் குட்டையாக வெட்டி, நடுவில் பள்ளம் விட்டேன். முதலில் மெத்தென்ற பஞ்சு வைத்தேன். ஏற்றத்தில் மிதிக்கும்போது இடுப்பு அதற்குள் புதைந்து, அவளுக்கு வலி கூடிவிட்டது. பிறகு இடுப்பெலும்பு படும் இரண்டு பக்கமும் கெட்டியான ரப்பரை வைத்துத் தைத்தேன். ஹாலி எல வரை ஓட்டிவிட்டு வந்து, "இப்ப காலு மட்டுந்தாம்மா வலிக்குது" என்று சிரித்தாள்.

போட்டி முடிந்ததும், முதலாவதாக வந்த பிள்ளை இவளைத் தனியாகக் கூப்பிட்டு, சீட்டை அழுத்திப் பார்த்திருக்கிறாள். "எனக்கும் ஒன்னு ஒங்கம்மா தச்சுக் குடுப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாளாம். சரி என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் சொல்ல ஆளில்லை போலிருக்கிறது.

கடையில் கெட்டி ரப்பர் தீர்ந்துவிட்டது. அதனால் நம் கட்டிலில் உங்கள் பக்கத்து ரப்பர் மெத்தையை வெட்டி எடுத்துக்கொண்டேன். வருடக்கணக்கில் யாரும் படுக்காததால் அது கொஞ்சமும் அமுங்காமல் இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா