ஹெல்மெட்டைக் கழற்றாத தோழிக்கு

இன்று காலை செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறியபோது, பக்கத்தில் உட்கார்ந்த பெண் மழையில் நனைந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஈர ஸ்பாஞ்சும் தேங்காய் எண்ணெயும் கலந்த அந்த வாடை. எழுந்து கதவோரம் போய் நின்றுவிட்டேன். நீ போன பிறகு, மனசுக்குள்கூட உன்னோடு பேசுவதில்லை என்றிருந்தேன். இன்று முடியவில்லை.

என் சித்தி மகன் கதிர், மாமல்லபுரத்தில் பாறைகளுக்கு நடுவே பிணமாகக் கிடந்தபோது நாம் இருவரும் கல்லூரி முதல் வருடம். குளிக்கப் போனவனை அலை இழுத்துவிட்டது என்றது ஊர். எனக்கு அது பொருந்தவில்லை. சின்ன வயதில் ஏரியில் விழுந்து பிழைத்தவன் அவன். கடற்கரைக்குப் போனால் கால்கூட நனைக்காமல், எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பான். "எம்புள்ள தண்ணில எறங்க மாட்டான்டி கவி" என்று சித்தி என்னிடமும், வருகிறவர் போகிறவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் காதிலும் ஏறவில்லை.

நானே விசாரிக்கப் போகிறேன் என்றதும், "தனியா போகாதடி, நானும் வரேன்" என்றாய். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தெம்பு வந்தது.

சனிக்கிழமைகளில் உன் ஸ்கூட்டரில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போவோம். நான் கடை கடையாக ஏறி, போனில் கதிரின் படத்தைக் காட்டுவேன். நீ தள்ளி, வண்டியருகே, ஹெல்மெட்டோடு நிற்பாய். கழற்றித் தொலையேன் என்றால், "வெயில்ல முகம் கறுத்துடும்டி" என்பாய். உன் அழகுப் பைத்தியத்தைக் கேலி செய்து சிரிப்பேன்.

இளநீர் விற்ற பெரியவர்தான் முதலில் அவனை அடையாளம் கண்டார். "இந்தப் புள்ளதாம்மா. ஒருத்தன் கூட வாய்ச்சண்ட போட்டுகினு பாறைப் பக்கம் போச்சு. திரும்பி வந்தது அந்த ஆளு மட்டும் தான்." போலீஸில் சொல்வீர்களா என்றேன். "அடுத்த வாரம் வா, கூட வரேன்" என்றார். அடுத்த வாரம் போனபோது என் முகத்தையே பார்க்கவில்லை. "நான் இன்னாத்த பாத்தேன்? ஒண்ணியும் பாக்கல. எனக்கும் புள்ள குட்டி கீது. போம்மா."

வழியெல்லாம் உன் முதுகில் முகம் புதைத்து அழுதேன். "யாரோ மிரட்டியிருக்காங்க. அவர் பேசினது யாருக்குடி தெரியும்?" என்றேன். நீ வண்டியை மெதுவாக்கி, ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாய். பக்கத்துக் கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன். சித்தப்பாவின் பங்காளிகளைச் சந்தேகப்பட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவளை மட்டும் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

பிறகு இன்னொரு சனிக்கிழமை, கடற்கரையில் அந்த மழை. சட்டென்று கொட்டியதில் இருவரும் மீன் வறுக்கும் அக்காவின் தார்ப்பாய்க்கு அடியில் ஓடி ஒதுங்கினோம். கண்ணாடி முழுக்க நீர் வழிய, நீ ஹெல்மெட்டைக் கழற்றினாய். அக்கா கரண்டியை வைத்துவிட்டு உன்னை உற்றுப் பார்த்தாள்.

"நீ அன்னிக்கு வந்த பொண்ணு தான? உன் கூட வந்த பையன் இன்னா ஆனான்? அழுதுகினே தனியா போனியே."

நீ இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

"எங்க அண்ணன் பேசணும்னான்டி. சாதி வேறன்னாலும் பேசிப் பாக்கலாம்னான். அதான் கதிரை வரச் சொன்னேன். பாறைக்கு அந்தப் பக்கம் கூட்டினு போனான். நான் இங்கதான் நின்னேன். சத்தியமா அடிப்பான்னு தெரியாது."

நீயும் கதிரும் காதலித்ததையே அப்போதுதான் அறிந்தேன்.

"இளநீர்க்காரர் பேசினதை உங்க அண்ணன்கிட்ட சொன்னது நீயா?"

"நீ எதுவரைக்கும் போயிருக்கேன்னு கேட்டுகினே இருந்தான். சொல்லலன்னா உன்னையும்..."

நீ அவனிடம் சொன்னது என்னைக் காப்பாற்றவா, அவனைக் காப்பாற்றவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கண்டுபிடித்ததெல்லாம் அன்றே உன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

அந்த அக்காவே கடையைச் சாத்திவிட்டு என்னோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள். உன் அண்ணன் பிடிபட்டான். நீ மாஜிஸ்ட்ரேட்டிடம் எதையும் மறைக்காமல் சொன்னாய் என்றார்கள். அதற்குப் பிறகு உன் வீட்டில் யாரும் உன்னோடு பேசவில்லையாம். மதுராந்தகத்தில் உன் பெரியம்மா வீட்டில் இருந்தபோது, டெங்கு காய்ச்சலில் போய்விட்டாய்.

சித்தி உன் சாவுக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டாள், நான் நகரவில்லை. திரும்பி வந்து தலை முழுகிவிட்டு, ஈரக் கூந்தலோடு சுவரில் சாய்ந்து, "பாவம்டி, அதுவும் கொழந்த தானே. எம்புள்ள ஆசப்பட்ட பொண்ணு" என்று அழுதாள்.

மகனைப் பறிகொடுத்தவளுக்கு உனக்காக அழ முடிந்தது. அவளுக்கு உன்னை அவ்வளவாகத் தெரியாது. நம்பி ஏமாறவும் இல்லை. கதிரை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் நிறைந்துவிடுகிறது. உன்னை நினைத்தால் அழுகை தொண்டைவரை வந்து நின்றுவிடுகிறது. வெளியேயும் வர மாட்டேன் என்கிறது, உள்ளேயும் போக மாட்டேன் என்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறேன்.