முப்பத்தொன்றா, முப்பத்துமூன்றா

மார்ச் 3, செவ்வாய்

டயர்க்காரர் இன்று நான்கு டயர்களையும் தடவிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "சார், இதுக்கு மேல நீங்க வண்டி ஓட்டலை, வழுக்கிட்டுப் போறீங்க" என்றார். மழை தொடங்குவதற்குள் மாற்றியாக வேண்டும்.

மாற்றுவது பெரிய விஷயமில்லை. எந்த அளவு என்பதுதான் தலைவலி. போன வருடம் ஸ்பிரிங் மாற்றி ஜீப்பை இரண்டரை அங்குலம் தூக்கினேன். டயரை மட்டும் பழைய இருபத்தொன்பது அங்குலத்திலேயே விட்டுவைத்தேன். பெரிய ஆள் குழந்தைச் செருப்பு போட்ட மாதிரி இருக்கிறது என்று மச்சான் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. எங்கள் ஜீப் கூட்டத்தில் அவனுக்குப் பெயர் சகதி. எங்கே சேறு கிடந்தாலும் முதலில் போய் மாட்டிக்கொள்கிறவன். அவன் வண்டியும் என் வண்டியும் ஒரே ரகம், ஒரே உயரம். அவன் போட்டிருப்பது முப்பத்துமூன்று.

முப்பத்துமூன்று. எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

மார்ச் 4, புதன்

முப்பத்துமூன்றுதான். முடிவு செய்தாகிவிட்டது.

மார்ச் 7, சனி

மனைவியிடம் சொன்னேன். தையற்கடையிலிருந்து வந்து, கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூட எடுக்காமல் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இருக்கிறது எவ்வளவு?"

"இருபத்தொன்பது."

"வரப்போறது முப்பத்துமூணா? அப்ப நாலு இன்ச் ஏறும்."

நான் போனில் டயர் படங்களைத் தள்ளிக்கொண்டே "ம்" என்றேன்.

ஐஸ் பையை மாற்றி வைத்தாள்.

அக்டோபரில் குவாரிச் சரிவில், ஈரத்தில், ஜீப்பிலிருந்து இறங்கும்போதுதான் வழுக்கினாள். தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை வரை போனது. ஏறும்போது முதலில் எந்தக் காலை வைக்க வேண்டுமோ, அந்தக் கால். அதற்குமுன் பதினோரு வருடம் தினமும் காலையில் அவளைக் கடையில் இறக்கிவிட்டுத்தான் நான் குளிர்பதனக் கிடங்குக்குப் போவேன். இப்போது பஸ் பாஸ் வாங்கி வைத்திருக்கிறாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதாம். தாழ்வான படியாம். அவள் சொல்வதெல்லாம் சரிதான். பக்கத்து இருக்கையில் என் சாப்பாட்டுப் பை உட்கார்ந்து வருகிறது.

மார்ச் 9, திங்கள்

டயர்க்காரரிடம் போனேன். மனுஷன் கணக்கு வாத்தியார் மாதிரி கேள்வி கேட்கிறார். மாதத்தில் எத்தனை நாள் தார் ரோடு? இருபத்தெட்டு. எத்தனை நாள் சேறு, பாறை? இரண்டு ஞாயிறு. அதுவும் மழை இருந்தால்.

"ரெண்டு நாளுக்காக இருபத்தெட்டு நாள் அவஸ்தைப்படணுமா? முப்பத்தொண்ணு போடுங்க. நாலு பேர் திரும்பிப் பாக்கணும்னா முப்பத்துமூணு போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நாலு பேர் பார்க்கத்தான் ஆசைப்படுகிறேனோ? கொஞ்சம் அப்படித்தான்.

மச்சானிடம் புலம்பினேன். "மாமா, அந்த ஆளுக்கு வயசாயிடுச்சு. என் வண்டியை எடுத்துட்டுப் போங்க, நாலு நாள் ஓட்டுங்க. அப்புறம் பேசுவோம்" என்றான்.

மார்ச் 12, வியாழன்

நேற்றிரவு வண்டி மாற்றிக்கொண்டோம். முப்பத்துமூன்றில் உட்கார்ந்தால் உலகமே கொஞ்சம் கீழே இருக்கிறது. சிக்னலில் ஒரு ஸ்கூட்டர்க்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நாள் முழுக்க அதே நினைப்பு.

காலையில் அவள் கிளம்பும்போது முற்றத்தில் மச்சான் வண்டியருகே நின்றாள். கதவுப் பிடியில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நான் சமையலறை ஜன்னலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம்.

மார்ச் 14, சனி

மேம்பாலம் ஏறினால் டாப் கியர் தாங்கவில்லை, ஒன்று குறைக்க வேண்டியிருக்கிறது. கிடங்கின் பார்க்கிங்கில் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் கரகரவென்று உரசுகிறது. வாட்ச்மேன் ஓடி வந்து எதை இடித்தேன் என்று பார்த்தார்.

இதெல்லாம் பழகிவிடும் என்று இருந்தேன். பிறகு இன்றைய தூறல். பள்ளிக்கூடத்து முன்னால், எப்போதும் மிதிக்கிற இடத்தில்தான் பிரேக்கை மிதித்தேன். வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. குழந்தையின் கையைப் பிடித்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். வீடு வரும்வரை இரண்டாம் கியரைத் தாண்டவில்லை.

மார்ச் 16, திங்கள்

முப்பத்தொன்று. டயர்க்காரரிடம் சொல்லிவிட்டேன். மச்சானுக்கு வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். "பயந்துட்டீங்க மாமா" என்றான். ஆமாம்டா, பயந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அவள் போட்டுக்கொண்டிருந்த தையலை நிறுத்தினாள்.

"எனக்காகக் குறைக்கிறீங்களா?"

"இல்ல. பிரேக் பிடிக்கலை."

"உங்க மச்சானுக்கு மட்டும் பிடிக்குதா?"

"அவன் எவ்வளவு முன்னாடி மிதிக்கிறான்னு எனக்குத் தெரியாது."

"எனக்காக ஒண்ணும் விட்டுக்கொடுக்க வேணாம். ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்டுவீங்க. கால் போனவளுக்காக வண்டியையே சின்னதாக்கினேன்னு."

கால் போனவளாம். யார் அப்படிச் சொன்னா? நான் சொன்னேனா? ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா? பிரேக்குன்னா பிரேக்குதான். சத்தியமா பிரேக்குதான். நம்பலைன்னா நான் என்ன பண்ண முடியும்?

கோபம் தணிந்தபின் எழுதுகிறேன். உண்மையைச் சொல், வேறு காரணமே இல்லையா? சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கிற இருக்கை நினைவுக்கு வரவில்லையா? வந்தது. பிரேக்கை மிதித்த பிறகுதான் வந்தது. ஆனால் வந்தது.

மார்ச் 19, வியாழன்

மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். மதியம் கொடுக்கப் போனேன். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, சாப்பாட்டு நேரம். குனிந்து பார்த்தேன்.

வெட்டுமேசையின் பின்னால் மரப்பெட்டிகளை அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டிருக்கிறாள். ஒரு கையால் துணி அலமாரியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலைத் தூக்கிப் பலகையில் வைக்கப் பார்க்கிறாள். முதல் தடவை எட்டவில்லை. இரண்டாம் தடவை வைத்துவிட்டு எடுத்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. மூன்றாவதில் உடம்பையே மேலே தூக்கி நின்றாள். நின்று, யாரும் இல்லாத கடையில், ஜாக்கெட்டின் முன்பக்கத்தை நீவிவிட்டுக்கொண்டாள்.

பக்கத்துச் சுவரில் சாக்குக்கட்டியால் இரண்டு கோடு. கீழ்க்கோட்டில் 22. மேல்கோட்டில் 26. அவள் நின்ற பலகை மேல்கோட்டில் இருந்தது.

சத்தமில்லாமல் வந்துவிட்டேன். கண்ணாடியைப் பக்கத்துப் பூட்டுக்கடையில் கொடுத்தேன். ஜீப்பில் கால் வைத்து ஏறும் தளத்தின் உயரத்தை அளந்தேன். தரையிலிருந்து சரியாக இருபத்திரண்டு அங்குலம்.

இருபத்திரண்டும் நாலும் இருபத்தாறு. நாலு இன்ச் ஏறும் என்றாள். நான் "ம்" என்றேன். டயர் நாலு அங்குலம் பெரிதானால் வண்டி இரண்டு அங்குலம்தான் ஏறும். அச்சுக்குக் கீழே இருக்கிற பாதிதானே வண்டியைத் தூக்குகிறது, மற்ற பாதி மட்கார்டுப் பக்கம் போய்விடும். எனக்குத் தெரியும். அவள் கேட்டாள். நான் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை நாளாக ஏறுகிறாளோ.

மார்ச் 20, வெள்ளி

சொல்லவில்லை. ஒளிந்து பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காலைச் சாப்பாடு முடிந்ததும், ஒரு பெரிய தட்டையும் ஒரு சின்னத் தட்டையும் மேசைமேல் நிமிர்த்திப் பிடித்தேன். இரண்டின் நடுவையும் காட்டினேன். நடுவிலிருந்து மேசைவரை எவ்வளவு என்று அவளையே அளக்கச் சொன்னேன். அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"கடைக்கு வந்தீங்களா?"

"வந்தேன்."

டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தேன். சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மார்புச் சுத்தளவை நாலாப் பிரிச்சு வெட்டுறவ நான். வட்டத்தை ரெண்டாப் பிரிக்கத் தோணலை பாருங்க."

பிறகு சிரிப்பு நின்றது. "அன்னைக்கு 'ம்'னீங்களே. அந்த ஒரு 'ம்'முக்கு நான் ரெண்டு வாரம் செத்தேன்."

தப்பு என்றேன். முழுத் தப்பும் என்னுடையது என்றேன். வேறு சொல்லத் தெரியவில்லை. அவளில்லாமல் போய்வருவது நன்றாகவே இல்லை என்பதையும் சொன்னேன். இதை அக்டோபரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "முப்பத்தொண்ணுன்னா இருபத்துமூணுதானே ஆகும்?"

"ஆமா."

"பிரேக் நிஜமாவா?"

பள்ளிக்கூடத்து முன்னால் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் பார்த்த பார்வையைச் சொன்னேன். அவள் குழாயை மூடினாள்.

"அப்ப முப்பத்தொண்ணே போடுங்க. எனக்காகன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாது."

மார்ச் 28, சனி

மாட்டியாகிவிட்டது. ஸ்டீரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்துப் பார்த்தோம், உரசவில்லை. "மீட்டரை நம்பாதீங்க. அறுபதுன்னு காட்டினா நிஜத்துல அறுபத்துநாலு" என்றார் டயர்க்காரர். மச்சான் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, செருப்பு இப்போது அளவாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டான்.

மார்ச் 30, திங்கள்

காலையில் அவள் பக்கத்துக் கதவுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலியை வைத்தேன். வெளியே வந்தவள் அதைக் காலாலேயே ஓரமாகத் தள்ளினாள். கை கொடுத்தேன், வாங்கவில்லை. மேல்பிடியைப் பிடித்தாள், ஏறி உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு ஏறிப் பழகியவளுக்கு இருபத்துமூன்று ஒரு பொருட்டே இல்லை.

"சாப்பாட்டுப் பையைப் பின்னால வைங்க" என்றாள்.

மார்ச் 31, செவ்வாய்

பஸ் பாஸ் இன்றோடு முடிகிறது. அதன் பின்பக்கத்தில் பேனாவால் பெரிதாக 60 = 64 என்று எழுதி, மீட்டருக்குக் கீழே ஒட்டிவிட்டாள்.