எதிர் வீட்டுக் கணப்பு

ஜூன் 2, வெள்ளி

பியாங்கா வக்கீல் ஆகிவிட்டாள். கறுப்பு அங்கி போட்டு நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசுகிற வக்கீல். லூக்கா கனடாவில் பாலம் கட்டுகிறான்; அவன் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு ஆணிகூட இறங்காது. சின்னவள் டெஸ்ஸா பல் மருத்துவம் கடைசி வருஷம், வகுப்பில் இரண்டாவது. முதலாவதாகவே வந்திருப்பாள், பரீட்சை வாரம் காய்ச்சல். மூன்றும் என் மகன் ரென்சோ பெற்ற பிள்ளைகள். நான் ஐந்தாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டவள். என் பேரப்பிள்ளைகளைப் பார்!

இதையெல்லாம் இன்று வீட்டுத் தரகன் டாரிலிடம் சொன்னேன். தெருமுனையில் 'விற்பனைக்கு' என்று இன்னொரு பலகை நட்டுக்கொண்டிருந்தான்.

"போன தடவையே சொன்னீங்களே எல்டாம்மா."

சொன்னால் என்ன? அப்போது டெஸ்ஸா மூன்றாவது. இப்போது இரண்டாவது.

இந்த வருஷம் எங்கள் தெருவில் இது மூன்றாவது பலகை. "கொரோனா சமயத்துல சிட்னியே இங்க ஓடி வந்துச்சு, கேட்ட விலைய குடுத்தாங்க. இப்ப வட்டி ஏறிடுச்சு, ஆபீசுக்கு திரும்பி வான்னுட்டாங்க. பாதிப் பேர் விக்கிறாங்க, வாங்க ஆளில்ல. பனி நல்லா விழுந்தாத்தான் நம்ம ஜிண்டபைன் மாதிரி மலையூர்ல வீடு நகரும்" என்றான்.

"எங்க ரென்சோ விக்க மாட்டான்."

டாரில் பலகை நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரென்சோவின் வீடு எனக்கு நேர் எதிரே. பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போது வாங்கினான். "குளிர்காலம் பூரா வாராவாரம் வந்துடுவோம்மா. நீ ரோட்டைத் தாண்டினா போதும்." முதல் சில வருஷம் வந்தார்கள். நான் முப்பது வருஷம் பனிச்சறுக்குக் கடையில் பூட்ஸ் மாட்டிவிட்டவள். என் பேரப்பிள்ளைகளுக்கு வேறு யாரையும் மாட்டிவிட விட்டதில்லை.

இந்தத் தெருவில் வருஷம் முழுக்க இருப்பது நான் ஒருத்திதான். சிட்னிக்காரர்களின் சாவிகள் பிஸ்கட் டப்பாவில் என்னிடம் கிடக்கின்றன. அவர்கள் போன் பண்ணிச் சொன்னால் போய் ஹீட்டர் போடுவேன். மகன் வீட்டில் மட்டும், ஜூனில் குளிர்காலம் வந்துவிட்டால், வெள்ளிக்கிழமை தோறும் சொல்லாமலே கணப்பு மூட்டிவிடுவேன். விறகு போட்டு எரிக்கிற இரும்புக் கணப்பு அது. குளிர்ந்து கிடக்கிற வீடு சூடேற ஒரு ராத்திரி பிடிக்கும். வந்து நடுங்கக் கூடாது பார்.

இன்றும் மூட்டினேன்.

ஜூன் 12, திங்கள்

சீசன் திறந்த வாரம். வாத்தியம் வைத்தார்கள், வாணவெடி விட்டார்கள், பனி மட்டும் இல்லை. மலையில் மெஷின் போட்டு ஊதிய பனி ஒரு கீற்று, அதில் ஆயிரம் பேர் முட்டிக்கொண்டார்களாம்.

ரென்சோ வரவில்லை. பனியே இல்லாதபோது எதற்கு வருவான்? யாராக இருந்தாலும் வர மாட்டார்கள்.

ஜூன் 23, வெள்ளி

கணப்பு மூட்டினேன்.

ஜூன் 26, திங்கள்

சாம்பல் அள்ளினேன்.

ஜூலை 8, சனி

ரென்சோ கூப்பிட்டான்!

"அம்மா, புதன்கிழமை வீட்டுல கணப்பு மூட்டி வைக்கிறியா? திரையெல்லாம் திறந்து விடு. அந்தக் கம்பளிப் போர்வை இருக்கே, சிவப்பு, அதையும் சோபா மேல போட்டுடு."

"பிள்ளைங்களுமா?" என்று கேட்டேன். அதற்குள் லைன் சரியில்லை என்றான், காரில் இருந்தான். வார நடுவில் வருகிறார்கள் என்றால் சனி ஞாயிறு கூட்டம் இல்லாமல் மலை ஏறலாம் என்றுதான். லூக்காவும் கனடாவில் இருந்து வந்திருப்பானோ? சொல்லாமல் வந்து பயமுறுத்துவது அவன் வழக்கம்.

கசாப்புக் கடையில் முயல் சொல்லி வைத்தேன். என் தோழி நோரீன் பழந்துணிக் கடையில் இருந்தபடியே கத்தினாள்: "என்னடி எல்டா, தலைக்கு சுருட்டை எல்லாம் போட்டிருக்க? மாப்பிள்ளை பாக்க வர்றாங்களா?"

"என் மகன் வர்றான். உன் மகன் மாதிரி போன்லயே குடும்பம் நடத்துறவன் இல்ல."

சொல்லியிருக்க வேண்டாம். அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

ஜூலை 12, புதன்

எழுதவா வேண்டாமா என்று இருக்கிறது.

காலையிலேயே மூட்டிவிட்டேன். நல்ல யூகலிப்டஸ் கட்டை, புகையே இல்லை. முயல் வேகவைத்து, சோளக்களி கிண்டி, ஆப்பிள் கேக் சுட்டு அங்கே மேசையில் வைத்தேன். பத்து மணிக்குக் கார் சத்தம். ஓடினேன்.

டாரில். கூடவே முக்காலியும் கேமராவுமாக ஒரு பையன்.

"அடடா, கேக் கூட வச்சிருக்கீங்க! எல்டாம்மா, இந்த மாதிரி ஒத்தாசை யாரு பண்ணுவா? குடும்பம் வாழ்ற வீடு மாதிரியே இருக்கு!"

எதற்குப் படம் என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். "ரென்சோ சொல்லலையா?" என்றான். அவன் காது மடல் சிவந்துவிட்டது.

என்ன சொல்வேன்? "சொன்னான், சொன்னான்" என்றேன்.

என் மகனை ஒரு தரகன் முன்னால் விட்டுக்கொடுப்பேனா நான்!

பிறகு அந்தப் பையன் கணப்புக்கு மேலே இருந்த படத்தைக் கழற்றினான். பிள்ளைகள் மூன்று பேரும் பனியில் உட்கார்ந்திருக்கிற படம். டெஸ்ஸாவுக்கு எட்டு வயது, முன்பல் இல்லாமல் சிரிக்கிறாள். "சொந்தக்காரங்க மூஞ்சி சுவத்துல இருந்தா வாங்க வர்றவங்களுக்கு இது தன் வீடுங்கிற எண்ணம் வராது பாட்டி. எல்லா வீட்டுலயும் கழட்டிடுவோம்" என்று என் கையில் கொடுத்தான். கேக்கை விட்டுவிட்டான். போர்வையை விட்டுவிட்டான். முகங்களை மட்டும் கழற்றினான்.

டாரில் ஷெட்டில் இருந்து பிள்ளைகளின் பூட்ஸை எடுத்து வாசலில் வரிசையாக வைத்தான். படத்துக்கு நன்றாக இருக்குமாம். ஒவ்வொரு ஜூனிலும் நான் துடைத்துக் காயவைத்துக் கொக்கி மாட்டி வைக்கிற பூட்ஸ். இன்றைக்குத்தான் ஒரு கடைக்காரி மாதிரி அவற்றைப் பார்த்தேன். பெரியது லூக்காவுடையது. அதில் இன்று அவன் பெருவிரல்கூட நுழையாது. டெஸ்ஸாவுடையது என் உள்ளங்கையில் நிற்கிறது.

ஆயிரம் காலைப் பிடித்துப் பார்த்தவடி நீ, எல்டா. இது மட்டும் எப்படிக் கண்ணுல படல?

முயல் முழுக்க மிச்சம்.

ஜூலை 14, வெள்ளி

கணப்பு மூட்டவில்லை.

ஜூலை 20, வியாழன்

தரகர் கடை ஜன்னலில் படம் தொங்குகிறது. என் கேக் தெரிகிறது. நோரீன்தான் வந்து சொன்னாள். அன்றைக்கு நான் பேசியதற்குத் திருப்பிக் கொடுப்பாள் என்று தயாராக இருந்தேன். "கேக் நல்லா உப்பி வந்திருக்கு" என்றாள், அவ்வளவுதான். அது இன்னும் வலித்தது.

ஜூலை 29, சனி

வீடு பார்க்கும் நாள். அரை மணி நேரம் திறந்து வைத்தான் டாரில். கூரையில் பனிச்சறுக்குப் பலகை கட்டிய கார்கள் நாலைந்து. இந்த ஆட்கள் வீட்டைப் பார்த்த கையோடு பக்கத்து வீட்டுக்காரரிடமும் விசாரிப்பார்கள். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரி என்றால் நான்தான்.

ஒரு அம்மாள், முத்துத் தோடு, நேரே என்னிடம் வந்தாள். "நல்ல வீடாங்க? ஒண்ணும் பிரச்சன இல்லையே?"

"வீடு நல்லதுதான். கணப்புதான் புகையும். மேற்குக் காத்து அடிச்சா உள்ள நிக்க முடியாது" என்றேன்.

அந்தக் கணப்பு ஒரு நாளும் புகைந்ததில்லை.

ஆகஸ்ட் 5, சனி

இன்று இரண்டு ஜோடியிடம் சொன்னேன். புகை என்றேன், ஜூலை உறைபனியில் குழாய் வெடிக்கும் என்றேன். வாய் தானாகப் போகிறது. யாரும் வாங்காவிட்டால் ரென்சோ மனசு மாறுவான் இல்லையா? ஒரு நல்ல பனி விழுந்தால் பிள்ளைகளுக்கு ஆசை வராதா?

மலையில் பாறை தெரிகிறது. ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்டுகளில் பாதி நின்றுவிட்டது. மழை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ரென்சோ போன்.

"அம்மா, வர்றவங்ககிட்ட என்னம்மா சொல்ற? கணப்பு புகையுதுன்னு ஊரே சொல்லுதாம். விலைய ரெண்டு தடவ இறக்கியாச்சு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உன்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல. தப்பு என்னோடதுதான். ஆனா யாரும் வர்றதில்லம்மா. கடைசியா நாங்க எப்ப வந்தோம், சொல்லு?"

"கிறிஸ்துமஸுக்கு வந்தீங்களே."

"அது உன் வீட்டுக்கு. சாப்பிட்டு மூணு மணிக்கு கிளம்பிட்டோம். எதிர் வீட்டைத் திறக்கவே இல்ல."

திறக்கல. ஆமா, திறக்கல. நாந்தான் அன்னிக்கும் டிசம்பர் வெயில்னு அங்க ஏசியெல்லாம் போட்டு வெச்சிருந்தேன். போனை வச்சுட்டேன். நாலு மாசத்துக்கு ஒரு தடவ கூப்டுறவன்கிட்ட நானே போனை வச்சுட்டேன். எதுக்குடி இந்த வீம்பு உனக்கு?

ஆகஸ்ட் 19, சனி

மதியம் கதவு தட்டுகிற சத்தம். ஒரு பெண், முப்பது வயது இருக்கும், ஈர நாய் ஒன்றோடு. பெயர் பிரிஜிட். மலையில் ராத்திரி டிராக்டர் ஓட்டிப் பனியைச் சமன்படுத்துகிறவள். புருஷன் பேக்கரியில் மாவு பிசைகிறான். இரண்டு குளிர்காலமாக ஏரிக்கரையில் கேரவன் ஒன்றில் இருக்கிறார்களாம்.

முதலில் அவள் பூட்ஸைத்தான் பார்த்தேன். ஒரு கொக்கி போய் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. கட்டு சரியான இடத்தில் இருந்தது.

அவள் வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "இந்தத் தெருவுல ராத்திரி யாராவது இருப்பாங்களா? நாங்க ரெண்டு பேருமே ராத்திரி வேல. நாய் தனியா இருந்தா ஊளையிடும்."

"நான் இருக்கேன். நான் மட்டும்தான் இருக்கேன்."

"அது போதும்" என்று சிரித்தாள். "இந்த ஊர்ல வீடுன்னு நாங்க நெனச்சே பாக்கல. இப்ப விலை இறங்கி இறங்கி எங்க கைக்கு எட்ற தூரத்துல வந்து நிக்குது. அந்தக் கணப்பு புகையுமாமே, அதனாலன்னு சொன்னாங்க. அதை சரி பண்றதுக்கு எவ்ளோ ஆகும்னு தெரியல, அதான் யோசிக்கிறோம்."

இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவளும் போய்விடுவாள். வாய் திறந்தேன்.

"யாரு சொன்னது புகையும்னு?"

"டாரில்தான். யாரோ எதிர் வீட்டுக்காரங்க..." பாதியில் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள், பின்னால் திரும்பி எதிர் வீட்டைப் பார்த்தாள்.

"நாந்தான் சொன்னேன். பொய். வா" என்றேன்.

டப்பாவில் இருந்து சாவியை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினோம். தரகனுக்குத் தெரிந்தால் கத்துவான், கத்தட்டும். அவள் கையாலேயே அடுக்கச் சொன்னேன். சின்னக் குச்சி கீழே, காற்றுக் கதவு முழுக்கத் திறந்து, பிடித்ததும் பாதியாக மூடு. தீ ஜம்மென்று ஏறியது. மேற்குக் காற்றுதான் அடித்துக்கொண்டிருந்தது. புகை ஒரு இழைகூட உள்ளே வரவில்லை. நாய் போய்க் கணப்புக்கு முன்னால் மடங்கிப் படுத்தது.

"சமையலறைல மூணு மணி வரைக்கும் வெயில் இருக்கும். குழாய் வெடிக்காது. கடுங்குளிர் ராத்திரில மட்டும் ஒரு நூல் அளவு தண்ணி விட்டு வை" என்றேன்.

"நீங்க ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"என் மகன் வீடு" என்றேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

வீடு விற்றாகிவிட்டது, பிரிஜிட்டுக்கே. ரென்சோதான் கூப்பிட்டான். விலை குறைவுதான், போகட்டும் என்றான். "என்னால உனக்கு நஷ்டம்டா" என்றேன். "பனியாலம்மா" என்றான். என் பிள்ளை. சின்ன வயசிலேயே இவன் இப்படித்தான், அடுத்தவர் உடைத்த தட்டுக்கும் தானே நிற்பான்.

செப்டம்பர் 8, வெள்ளி

பூட்ஸையெல்லாம் நோரீன் கடைக்குக் கொண்டுபோனேன். அவள் டெஸ்ஸாவுடையதை எடுத்து விரலில் மாட்டி மேசை மேல் நடக்கவிட்டாள். "பல் டாக்டரம்மா வர்றாங்க, வழி விடுங்க!" இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் உள்ளே போய் டீ போட்டு வந்தாள். அவள் மகன் போனிலும் கூப்பிடுவதில்லையாம், ஆறு மாதமாக. எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

நேற்றோடு சீசன் முடிந்தது. மதியத்துக்குள் கார்கள் எல்லாம் போய்விட்டன. பெட்ரோல் பங்க்கில்கூட ஆளில்லை. இனி ஜூன் வரை இருட்டுத் தெரு. வருஷா வருஷம் நடப்பதுதான்.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே நிமிர்ந்தேன். எதிர் வீட்டு ஜன்னலில் விளக்கு. செவ்வாய்க்கிழமை! கூரைக்கு மேலே புகை நேராகப் போகிறது. நான் மூட்டாத தீ.

கொஞ்ச நேரம் கைகளைத் துடைக்காமல் நின்றேன். சந்தோஷமா என்று கேட்டால் இல்லை. அது என் பிள்ளைகளின் விளக்கு இல்லை. ஆனாலும் திரையை இழுத்து மூட மனசு வரவில்லை.

பழைய படத்தை என் அடுப்பங்கரையில் மாட்டிவிட்டேன். அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்று தோன்றியது. லூக்காவுக்கு இப்போது தாடி இருக்கிறதாமே, எனக்கு அந்த முகமே தெரியாது. ரென்சோவுக்கு எழுத வேண்டியதை இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், நாளைக்குத் தபாலில் போட வேண்டும்:

ரென்சோ, பிள்ளைகளின் புதுப் படம் ஒன்று அனுப்பு. போனில் அனுப்பாதே, அதைச் சுவரில் மாட்ட முடியாது. தபாலில் அனுப்பு. பனி எல்லாம் வேண்டாம். மூன்று பேரும் இப்போது எப்படி இருக்கிறார்களோ அப்படியே. பழைய படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.