அஃபிஷியஸ்

மார்ச் 4
பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து போன். எங்கள் பல் கிளினிக்கின் வரவேற்பில் இருக்கும் சிட்டு அங்கே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஓரிடத்தில் உட்காராமல், கூப்பிடாமலே போய் யாருக்காவது உதவிக்கொண்டிருப்பாள். அதனால் எல்லாருக்கும் அவள் சிட்டு. ஆள் எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். மேனேஜர் அல்லவா, நானும் ஆங்கிலத்திலேயே வெளுத்துக்கட்டினேன். முத்தாய்ப்பாக, "வெரி அஃபிஷியஸ்" என்றேன். அஃபிஷியல் என்பதைவிட ஒரு படி மேல். எதிர்முனையில் பேச்சே இல்லை. அசந்துவிட்டார்கள்.

மார்ச் 11
சிட்டுவுக்கு வேலை கிடைக்கவில்லை.
"எங்க அண்ணி அங்கதான் சார் இருக்காங்க. விசாரிச்சாங்களாம். அடுத்தவங்க விஷயத்துல மூக்க நுழைக்கிற ஆளு வேணாம்னுட்டாங்களாம். நான் அப்படியா சார்?"
"யாரோ ஆகாதவங்க வத்தி வச்சிருக்காங்கம்மா" என்றேன். பாவம்.

மார்ச் 15
மகள் விடுதியிலிருந்து வந்திருக்கிறாள். வார்டனைப் பற்றி ஒரே புலம்பல். "சரியான அஃபிஷியஸ்ப்பா அது."
"நல்ல வார்த்தைதானே?"
"ஐயோ அப்பா. கேக்காமலே எல்லாத்துலயும் தலையிட்டு அதிகாரம் பண்றவங்களச் சொல்றது."
வத்தி வைத்தது நான்தான்.

மார்ச் 16
ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வார்த்தை தவறிவிட்டது என்றேன். "வேற ஆள் சேர்ந்தாச்சு சார்."
சிட்டுவிடம் எப்படிச் சொல்வது? ஊருக்கே இங்கிலீஷ் திருத்துகிற ஆள் நான்.

மார்ச் 19
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 21
பல் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த பெரியவர் தடுமாறினார். சிட்டு பாதி எழுந்தாள் — மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நான்தான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.
"ஏம்மா, பாத்துக்கிட்டுதானே இருந்தே?"
"நமக்கெதுக்கு சார்? மூக்க நுழைக்கிறான்னு பேரு வரும்."
இதுக்கு மேலயும் வாய மூடிக்கிட்டிருந்தா நானெல்லாம் ஒரு மனுஷனா?
சொல்லிவிட்டேன். "அண்ணிதான் வத்தி வச்சாங்கன்னு நினைச்சுட்டேன் சார். பேச்சையே நிறுத்திட்டேன்."
திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 9
அண்ணியோடு ராசியாகிவிட்டாளாம். இன்று ஒரு கைக்குழந்தை வீறிட்டபோது, யாரும் கேட்காமலே எழுந்து போய் வாங்கிக்கொண்டாள். எனக்கு மூச்சு வந்தது.
வேறோர் ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். "போன் வந்தா நான் பேசறேம்மா, தமிழ்லயே" என்றேன்.
"நம்ம டாக்டரம்மாவப் பேசச் சொல்லிட்டேன் சார். உங்களுக்கு எதுக்கு சிரமம்?"
மரியாதையாகத்தான் சொன்னாள்.